புதிய படத்துக்குப் பழைய சாயல்: அழகும் அமானிதமும்

மதுரை மாநகரிலும், அதைச் சூழ்ந்த மேலூர், திருமங்கலம், சோழவந்தான் வட்டாரங்களிலும் வாழும் நம் இல்லத்தரசிகளும் இளைஞர்களும் இன்று ஒரு புதிய கலையில் நாட்டம் கொண்டிருக்கின்றனர். நேற்று நடந்த நிக்காஹ் விருந்தில் செல்போனால் எடுத்த படம், இன்று காலையில் அரை நூற்றாண்டுப் பழமை பூண்டு நம் முன் வந்து நிற்கிறது. வண்ணங்கள் வெளிறியிருக்கின்றன, வெளிச்சமான இடங்களில் இளமஞ்சள் படர்ந்திருக்கிறது, நான்கு புறமும் வெள்ளை ஓரம், அடிப்புறத்தில் மட்டும் சற்றே அகன்றிருக்கிறது. காமிராவுக்குள்ளிருந்தே உடனுக்குடன் அச்சாகி வெளிவந்த 'போலராய்டு' படத்தின் தோற்றம் அது. கம்ப்யூட்டர் மென்பொருளைக் கொண்டு எந்தப் படத்துக்கும் இந்தச் சாயலைத் தந்துவிட முடிகிறது.

இது அழகிய கலைதான்; கற்றுக்கொள்ளவும் எளிது. இதை எப்படிச் செய்வது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண இருக்கிறோம். அத்துடன் நாம் சிந்திக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. படம் என்பது ஒரு சாட்சி. இன்னார், இன்ன இடத்தில், இன்ன நாளில் இருந்தார் என்று அது சொல்கிறது. பழமையின் சாயலைப் பூசும்போது அந்தச் சாட்சியத்தில் நம் கை படுகிறது. ஆகவே, அழகு சேர்ப்பது எதுவரை, உண்மை மறைவது எங்கிருந்து என்பதை அறிந்து செய்வது நம் கடமையாகும். நிழற்படம் எடுப்பது குறித்து உலமாப் பெருமக்களிடையே நிலவும் பல்வேறு கருத்துகளுக்குள் நாம் இங்கே புகவில்லை. பாஸ்போர்ட்டுக்காகவும் உறவுகளின் நினைவுக்காகவும் படங்கள் நம் இல்லங்களுக்குள் வந்துவிட்டன. வந்துவிட்டவற்றை எவ்வாறு பேணுவது என்பதே நம் பேச்சு.

உடனடிப் படம் பிறந்த கதை

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார் எட்வின் லேண்ட் என்னும் விஞ்ஞானி. அவர் படம் எடுத்ததைக் கண்ட மூன்று வயது மகள், 'இப்போதே அதை ஏன் பார்க்க முடியாது?' என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டாளாம். ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டு வாங்க நாட்கணக்கில் காத்திருந்த காலம் அது. குழந்தையின் கேள்வி தந்தையை உலுக்கியது. இருட்டறையில் நடக்கும் வேலை முழுவதையும் ஒரு தாளுக்குள் அடக்கிவிட இயலாதா என்று அவர் ஆராயத் தொடங்கினார்.

1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய அவையில் தம் கண்டுபிடிப்பை அவர் செய்து காட்டினார். 1948 நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் முதல் காமிராக்கள் விற்பனைக்கு வந்தன. அன்றைய படங்கள் பழுப்பு நிறத்தில் அமைந்தவை. வண்ணப் படம் 1963-இல் வந்தது. இன்று மென்பொருள்கள் பின்பற்றும் வெள்ளை ஓரச் சதுரப் படமோ, 1972-இல் வெளிவந்த 'எஸ்.எக்ஸ்.-70' என்னும் காமிராவின் கொடை.

அந்தப் படத்தின் அடிப்புறம் மட்டும் ஏன் அகன்றிருக்கிறது? அழகுக்காக அமைக்கப்பட்டதென்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அந்த அகன்ற ஓரத்துக்குள் ஒரு சிறு பை ஒளிந்திருக்கிறது. அதில் காரத்தன்மையுள்ள ரசாயனக் குழம்பு அடைக்கப்பட்டிருக்கும். படம் எடுத்ததும் தாள் இரண்டு உருளைகளுக்கிடையே நசுங்கி வெளியே வரும். அப்போது பை உடைந்து, குழம்பு தாளின் அடுக்குகளுக்கிடையே மெல்லிய படலமாகப் பரவும். நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை ஏற்கும் வெள்ளி உப்பு அடுக்குகளிலிருந்து சாயங்கள் மெல்ல மேலேறி, சில நிமிடங்களில் உருவம் தெளியும். அதாவது, ஒரு ஸ்டூடியோவின் இருட்டறை முழுவதும் அந்த இரண்டு சென்டிமீட்டர் ஓரத்துக்குள் அடங்கியிருந்தது!

படம் வந்ததும் அதைக் கையில் பிடித்து உதறுவது பலருக்குப் பழக்கம். தொடக்க காலத்து உரித்தெடுக்கும் படங்களை உலர்த்துவதற்காக வந்த வழக்கம் அது. வெள்ளை ஓரப் படம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே உருவாவதால் உதறுவதில் பயன் ஏதுமில்லை. அடுக்குகள் விலகிக் கறை விழவும் கூடும்.

பின்னர் டிஜிட்டல் காமிரா வந்தது. 2001-இல் போலராய்டு நிறுவனம் திவாலானது. உடனடி ஃபிலிம் தயாரிப்பை நிறுத்துவதாக 2008 பிப்ரவரியில் அறிவிப்பும் வந்தது. ஆயினும் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த கடைசி ஆலையின் இயந்திரங்களைச் சில ஆர்வலர்கள் அதே ஆண்டில் வாங்கிக் காப்பாற்றினர். 'இம்பாசிபிள் புராஜெக்ட்' என்ற பெயரில் 2010-இல் புதிய ஃபிலிமையும் வெளியிட்டனர். அம்முயற்சியே வளர்ந்து 2020 முதல் மீண்டும் 'போலராய்டு' என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1998-இல் தொடங்கிய 'இன்ஸ்டாக்ஸ்' வகை நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது.

வியப்பு என்னவெனில், உண்மையான ஃபிலிம் மறையத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அதன் போலித் தோற்றம் உலகெங்கும் பரவியதுதான். 2009 டிசம்பரில் 'ஹிப்ஸ்டாமேட்டிக்' என்னும் செயலியும், 2010 அக்டோபரில் 'இன்ஸ்டாகிராம்' செயலியும் வெளிவந்தன. பழைய காமிராக்களின் நிறச் சாயலைச் செல்போன் படத்துக்குத் தந்தே அவை புகழ் பெற்றன. 2015 வரை இன்ஸ்டாகிராம் சதுரப் படங்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது என்பது அந்தப் பழைய தாளின் செல்வாக்குக்குச் சான்றாகும்.

மதுரை வெயிலின் மஞ்சள்

உடனடிப் படத்தின் நிறம் அது எடுக்கப்பட்ட இடத்தின் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. தாளுக்குள் நடப்பது ரசாயன மாற்றம்; வெப்பம் கூடினால் அது விரைவுபடும், குளிர் மிகுந்தால் தளரும். இன்றைய போலராய்டு ஃபிலிமுக்கு 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் ஏற்றது என்று அதைத் தயாரிப்பவர்களே கூறுகின்றனர். குளிரில் படம் வெளிறிப் பச்சை படரும். வெப்பத்தில் மஞ்சளும் செம்மையும் ஏறும்.

நம் மதுரையின் நிலை என்ன? சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கிறது. அந்த நண்பகலில் எடுக்கும் உடனடிப் படம் எந்த மென்பொருளின் உதவியும் இன்றி மஞ்சள் பூத்தே வெளிவரும். மேலை நாட்டார் நிரல் எழுதி வரவழைக்கும் பொன்னிறத்தை நம் வைகைக் கரை வெயில் இலவசமாகவே தந்துவிடுகிறது எனலாம். உண்மையான உடனடிக் காமிரா வைத்திருப்போர் ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், உறையவைக்கும் அறையில் வைக்காதிருப்பதும், எடுப்பதற்குச் சற்று முன் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரச் செய்வதும், படம் வந்தவுடன் நிழலில் கவிழ்த்து வைப்பதும் நலம். போலராய்டு ஃபிலிம் பெட்டியொன்றில் 8 தாள்களே இருப்பதாலும், அதன் விலை அதிகம் என்பதாலும், நடுத்தரக் குடும்பங்களுக்கு மென்பொருள் வழியே கட்டுப்படியாகும்.

நிறம் மாறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. நம் பாட்டனார் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் சில பழுப்பு நிறத்தில் இருப்பதைக் கண்டு, வயதானதால் அப்படி ஆயிற்று என்போம். எல்லாப் படங்களுக்கும் அது பொருந்தாது. படத்திலுள்ள வெள்ளியைக் கந்தகத்துடன் சேர்த்து வெள்ளி சல்பைடாக மாற்றினால் படம் நெடுங்காலம் அழியாமல் நிற்கும். அதற்காகவே ஸ்டூடியோக்காரர்கள் படத்துக்குப் பழுப்பு ஏற்றியதுண்டு. மாறாக, 1970-களின் வண்ணப் படங்கள் பீரோவின் இருட்டிலேயே கிடந்தும் செம்மை பூண்டதற்குக் காரணம், மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைவாக வலுவிழந்ததுதான். ஆக, ஒவ்வொரு நிற மாற்றமும் அந்தப் படம் கடந்து வந்த வாழ்க்கையின் தடயம். மென்பொருள் பூசும் மஞ்சளுக்கு அப்படியொரு வாழ்க்கை இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு செய்முறைக்குச் செல்வோம்.

செய்முறை

'போட்டோஷாப்' கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய மென்பொருள். 'கிம்ப்' என்பது 1996 முதல் இலவசமாகக் கிடைத்து வருவது. இரண்டிலும் இந்த வேலையைச் செய்யலாம். கிம்ப்பை ஒருமுறை கம்ப்யூட்டரில் நிறுவிவிட்டால் இணையத் தொடர்பே தேவையில்லை. குடும்பப் பெண்களின் படம் வீட்டை விட்டு வெளியேறாமலேயே வேலை முடிந்துவிடும் என்பதால் நம் இல்லங்களுக்கு இது மிகவும் உகந்தது. செல்போனில் கிடைக்கும் இலவசச் செயலிகளுள் பல, படத்தைத் தங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பியே மாற்றித் தருகின்றன. அங்கே அது எத்தனை நாள் தங்கும், எதற்குப் பயன்படும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே கவனம் தேவை.

முதலாவதாக, மூலப் படத்தைத் தொடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து வேறு பெயரிட்டு, அந்தப் பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். இந்த ஒரு விதியைப் பேணினால் மற்ற எந்தத் தவறையும் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவதாக, படத்தைச் சதுரமாக வெட்டுங்கள். முகங்கள் நடுவுக்குச் சற்று மேலே இருக்குமாறு அமைத்தால் பொருந்தும். பின்னணியில் தேவையற்ற பொருள்கள் இருந்தால் இந்த நிலையிலேயே அவற்றை வெளியே தள்ளிவிடலாம்.

மூன்றாவதாக, கறுப்பின் கடுமையைக் குறையுங்கள். 'கர்வ்ஸ்' என்னும் கருவியைத் திறந்தால் மூலைக்கு மூலை ஒரு சாய்கோடு தெரியும். அதன் இடது கீழ் முனையை 0-விலிருந்து சுமார் 25 வரை உயர்த்துங்கள். வலது மேல் முனையை 255-இலிருந்து சுமார் 240 வரை தாழ்த்துங்கள். உடனடிப் படத்தில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. அந்த மென்மை இப்படித்தான் வருகிறது.

நான்காவதாக, அதே கருவியில் நீல அலைவரிசையை மட்டும் தேர்ந்து, இடது முனையைச் சற்று உயர்த்தி, வலது முனையைச் சற்றுத் தாழ்த்துங்கள். நிழலான இடங்களில் மெல்லிய நீலமும் வெளிச்சமான இடங்களில் இளமஞ்சளும் தோன்றும். பிறகு வண்ணச் செறிவை நூற்றுக்கு 15 அல்லது 20 பங்கு குறையுங்கள். மணப்பெண்ணின் சிவப்புப் பட்டு குங்கும நிறத்துக்கு இறங்கினால் அளவு சரி. செங்கல் நிறமானால் அளவு மீறியது என்று பொருள்.

ஐந்தாவதாக, மிகச் சிறிதளவு மங்கலாக்குங்கள். ஓரங்களைச் சற்றே இருட்டாக்குங்கள். கண்டதும் தெரியும் அளவுக்கு இருட்டாக்கினால் அது நாடக மேடையின் ஒளியைப் போலாகிவிடும். கீறல், கறை, மடிப்பு ஆகியவற்றை ஒட்டவைக்கும் வசதியும் உண்டு. அவற்றைத் தவிர்ப்பதே நலம் என்பது நம் கருத்து. காரணம் பின்னர் வரும்.

ஆறாவதாக, வெள்ளை ஓரம். உண்மையான போலராய்டு தாளின் அளவு 88 மில்லிமீட்டர் அகலம், 107 மில்லிமீட்டர் உயரம். உள்ளேயுள்ள படம் ஏறத்தாழ 79 மில்லிமீட்டர் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் கணக்கில் 1040-க்கு 1264 புள்ளிகள் கொண்ட வெற்றுப் பரப்பை உருவாக்கி, சுமார் 930 புள்ளிச் சதுரப் படத்தை அதன்மீது வையுங்கள். இரு பக்கங்களிலும் சமமாக விட்டு, மேலே சிறிதளவும் கீழே அதிகமாகவும் இடம் விடுங்கள். ஓரத்தின் நிறம் பளிச்சென்ற வெள்ளையாக இராமல், தந்தத்தின் வெண்மையாக இருக்கட்டும்.

ஏழாவதாக, அச்சிடுங்கள். நகரின் எந்தக் கலர் லேபிலும் 4-க்கு 6 அங்குலத் தாளில் இதைப் பிரிண்ட் போட்டுத் தருவர். அளவை மாற்றாமல் அப்படியே போடும்படி சொல்லுங்கள். மங்கலான தாளில் போட்டால் கைரேகை படியாது. மீதித் தாளைக் கத்தரித்துவிட்டால், உள்ளங்கையில் அடங்கும் அழகிய படம் ஆயத்தம்! ஈத் பெருநாளன்று உறவினர்களுக்குக் கொடுக்க இதைவிடச் சிக்கனமான அன்பளிப்பு அரிது.

1858-இல் மதுரை வானத்துக்கு வந்த மேகங்கள்

'படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டர் காலத்துக் கேடு' என்று சில பெரியவர்கள் குறைபடுவதுண்டு. மதுரையின் வரலாறே அதற்கு மறுமொழி கூறுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய கேப்டன் லினேயஸ் டிரைப் என்பவர், சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக நியமனம் பெற்றுத் தென்னகத்தில் பயணம் செய்தார். 1858-இல் அவர் எடுத்த மதுரைப் படங்கள் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. திருமலை நாயக்கர் மகாலும், தெப்பக்குளமும், கோயிலும் அவற்றில் காணக் கிடைக்கின்றன. இன்றைய விளக்குத்தூண் அப்போது கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுச் சின்னமாக அப்படங்களில் இடம்பெற்றிருக்கிறது. மதுரையைக் காமிரா கண்ட தொடக்க நாட்கள் அவை.

அன்றைய நெகடிவ் நீல ஒளிக்கு அளவு மீறிக் கூசும் தன்மையது. ஆகவே வானம் முழுவதும் வெறும் வெள்ளையாகவே பதிந்தது. காற்றில் அசைந்த மரக்கிளைகளும் தெளிவின்றிப் போயின. டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மீதே வண்ணம் தீட்டி வானத்துக்கு மேகங்களையும், மரங்களுக்கு இலைத் தெளிவையும் வரவழைத்தார். கட்டடங்களின் அளவிலும் அமைப்பிலும் அவர் பதிவு துல்லியமாக இருந்ததால், வரலாற்றறிஞர்கள் இன்றும் அப்படங்களைப் போற்றுகின்றனர். 2014-15-இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் அருங்காட்சியகங்கள் அவர் படங்களுக்குத் தனிக் கண்காட்சியே நடத்தின. மேகம் எது, கட்டடம் எது, கை எங்கே பட்டது என்பதை ஆய்வாளர்கள் அறிய முடிந்ததற்குக் காரணம், அவருடைய நெகடிவ்கள் பல காப்பாற்றப்பட்டு இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைப்பதுதான்.

பின்னாளில் நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் நெகடிவின் மீது கூர்மையான பென்சிலால் தொட்டு முகத்தின் தழும்பை மறைத்தனர். கறுப்பு வெள்ளைப் படத்தின் சேலைக்கும் நகைக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டினர். ஆகவே படத்துக்கு அழகு சேர்ப்பது புதிய பழக்கமன்று. ஆனால் அன்று நெகடிவ் ஸ்டூடியோவில் பத்திரமாக இருந்தது. இன்று செல்போனில் சாயல் பூசி, பூசியதை மட்டும் வைத்துக்கொண்டு, 'இடம் போதவில்லை' என்று மூலத்தை அழித்துவிடுகிறோமே, அதுதான் கவலைக்குரியது!

பழமையின் தோற்றம் சாட்சியாகுமா?

உடனடிப் படத்துக்கு உலகில் ஒரு தனி மதிப்பு இருந்தது. அதற்கு நெகடிவ் இல்லை. ஒரு படம் ஒன்றே. எடுத்த இடத்திலேயே உருவாவதால் இடையில் எவரும் கைவைக்க வழி அரிது. ஆகவே போலீஸாரும் இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளரும் அதைச் சான்றாகப் பயன்படுத்தினர். பல நாடுகளில் அடையாள அட்டைகளுக்கும் அதையே எடுத்தனர்.

அந்த நம்பிக்கை கொடுமைக்கும் துணைபோனதுண்டு. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்கள் எங்கு சென்றாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்தில் ஒட்டும் படங்களுக்குப் போலராய்டு கருவிகள் பயன்படுவதை அந்நிறுவனத்தின் ஊழியர்களான கரோலைன் ஹண்டர், கென் வில்லியம்ஸ் இருவரும் 1970-இல் கண்டறிந்தனர். வேலை போகும் என்றறிந்தும் அவர்கள் கிளர்ச்சி செய்தனர். இறுதியில் 1977-இல் நிறுவனம் அந்நாட்டை விட்டு வெளியேறியது. சிறு தாள் படம் ஒன்று ஒரு மனிதனின் நடமாட்டத்தையே கட்டிப்போட முடிந்தது என்றால், படத்தின் சாட்சியத்துக்கு எத்துணை வலிமை இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

மென்பொருளால் பழைய சாயல் பூசும்போது, அந்த நம்பிக்கையின் தோற்றத்தையும் சேர்த்தே பூசுகிறோம். மஞ்சள் படிந்த படத்தைக் கண்டதும், 'இது பழையது. ஆகவே உண்மையானது' என்று மனம் தானாகவே முடிவு கட்டுகிறது. 2023-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இதை உலகுக்கு உணர்த்தியது. புகழ்பெற்ற சோனி உலகப் புகைப்பட விருதுப் போட்டியில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் அனுப்பிய படம் ஒரு பிரிவில் பரிசுக்குத் தேர்வாயிற்று. 1940-களின் குடும்பப் படம் போலக் கறுப்பு வெள்ளையில் இரு பெண்கள் தோன்றும் படம் அது. அப்படி எவரும் இருந்ததில்லை! செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படம் அது என்று கூறி அவரே பரிசை ஏற்க மறுத்துவிட்டார். தேர்ந்த நடுவர்களே ஏற்றுக்கொண்டனர் என்றால், செல்போன் வழியே வந்து சேரும் 'பழைய' படங்களை நாம் எத்தனை எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும்! ஊரின் பழைய படம் என்றும், முன்னோரின் படம் என்றும், இன்ன சமூகத்தார் இன்னது செய்த படம் என்றும் வருகின்றவற்றைக் கண்ட மாத்திரத்தில் அடுத்தவருக்கு அனுப்பிவிடாமல், 'யார் எடுத்தது? எப்போது? மூலம் எங்கே?' என்று மூன்று கேள்விகள் கேட்பது பொறுப்புள்ளவர்களுக்கு அழகு.

இதை நம் இல்லத்துக்கும் பொருத்திப் பார்ப்போம். இன்று பிறந்த பேரக் குழந்தையின் படத்துக்குக் கீறலும் கறையும் சேர்த்து 1970-களின் தோற்றம் தருகிறோம். நாற்பது ஆண்டுகள் கழித்து அது ஆல்பத்திலிருந்து எடுக்கப்படுகிறது. அருகிலேயே நன்னியின் உண்மையான பழைய படமும் இருக்கிறது. இரண்டும் ஒரே மஞ்சள். எது எந்தக் காலம் என்று சொல்ல அப்போது நாம் இருக்கமாட்டோம். போலிக் கீறலைத் தவிர்க்கச் சொன்னதன் காரணம் இதுவே. மஹல்லாவின் பள்ளிவாசல் இடித்துப் புதுப்பிக்கப்படும்போது எடுக்கப்படும் படங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பழைய கட்டடத்துக்கு இனி அப்படங்களே சாட்சி. அவற்றின்மீது எந்தச் சாயலும் பூச வேண்டாம். பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான படங்களும் அப்படியே.

வெள்ளை ஓரத்தின் கடமை

இதற்கெல்லாம் எளிய தீர்வு அந்த வெள்ளை ஓரத்திலேயே இருக்கிறது. ரசாயனப் பைக்காக விடப்பட்ட இடத்தில் மக்கள் பேனாவால் பெயரும் தேதியும் எழுதத் தொடங்கினர். நாமும் அதையே செய்வோம். படம் எத்துணைப் பழமைச் சாயல் பூண்டிருந்தாலும், ஓரத்தில் உண்மைத் தேதி இருந்துவிட்டால் அது எவரையும் ஏமாற்றாது. பெயர், உறவு, ஊர், நாள், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். 'பெருநாள்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஆண்டுப் பெருநாள் என்று பின்னால் வருவோர் திகைப்பர்.

இதற்கு மற்றொரு தேவையும் உண்டு. டிஜிட்டல் படத்துக்குள் எடுத்த தேதி, நேரம் ஆகியவை மறைவாகப் பதிந்திருக்கும். வளைகுடா நாட்டிலிருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்பும்போது படத்தின் அளவு சுருங்குவதோடு இந்தக் குறிப்பும் நீங்கிவிடுகிறது. கோப்பாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்னும் முறையில் அனுப்பினால் மூலம் அப்படியே போய்ச் சேரும்.

பீரோவில் இருக்கும் உண்மையான பழைய படங்களுக்கும் இப்போதே பொழுது ஒதுக்குங்கள். ஒட்டும் பசை பூசிய ஆல்பங்களிலிருந்து, எளிதில் வரக்கூடிய படங்களை மெல்ல விடுவியுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் அளவில் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியை எந்தத் திருத்தமும் இன்றி மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். படத்தின் பின்புறம் அழுத்தி எழுதாமல், தனித் தாளில் விவரம் எழுதி உடன் வையுங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சென்று டிஜிட்டல் பிரதிகளாக்கும் பணியை மேற்கொண்டது. யாரோ ஒரு குடும்பத்தின் சாதாரணப் படம் நாளைய வரலாற்றாசிரியருக்கு ஆவணமாகிறது என்பதை இது காட்டுகிறது.

இவ்வேலைக்கு வீட்டு முதியோரைத் துணையாகக் கொள்ளுங்கள். ஒரு மாலைப் பொழுதில் அத்தாவையும் நன்னியையும் அருகில் அமர்த்தி, ஒவ்வொரு படமாகக் காட்டி, 'இவர் யார்? இது எந்த ஊர்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுவிடலாம். அதிலிருப்பவரின் பெயரை மீட்டுத் தரும் மென்பொருள் இல்லை. அது அந்தப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

புதிய படங்களுக்குப் பழைய அழகைத் தாருங்கள், தவறில்லை. மூலத்தைப் பாதுகாத்து, ஓரத்தில் உண்மையை எழுதி, பிறர் படத்தை அவரது இசைவின்றிப் பரப்பாமல் இருந்தால், இந்தக் கலை நம் இல்லங்களுக்கு இன்பம் சேர்க்கும். நம் பிள்ளைகளிடம் நாம் விட்டுச் செல்லும் ஆல்பமும் ஓர் அமானிதமே. அதில் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.